மேலகரம் மண்டபத்தில் மூன்று விசில்

வெறுங்காலோடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. இடது பெருவிரலை யாரோ மிதித்த வலி. நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பொத்தான் ஆடியது. என்னைச் சுற்றி முந்நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் காலில் செருப்பில்லை. எல்லோரும் மேற்கே மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் எங்கே என்று.

தண்ணீர் வரவில்லை. பாட்டுதான் வந்தது.

மேலகரம் மண்டபத்தின் கதவுகள் நாலும் திறந்து கிடந்தன. நாங்கள் விழுந்தடித்து ஓடிவந்த அதே கதவுகள் வழியாக ஒரு கிதாரும் ஒரு பெண்ணின் குரலும் நிதானமாக வெளியே வந்தன. கச்சேரி கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் ரோட்டில் நிற்கிறோம். உள்ளே நாற்காலிகள்தான் இருக்கவேண்டும். அப்படியானால் அந்தப் பெண் யாருக்குப் பாடுகிறாள்?

உடம்பெல்லாம் புல்லரித்தது. சந்தோஷத்தில் வருகிற புல்லரிப்பு இல்லை அது.

ஏனென்றால், அந்தக் கச்சேரியை அந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்தவன் நான்.

ஹால் டிக்கெட்

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். "எதனால் படிப்பை விட்டீர்கள், வறுமையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வறுமைதான் என்று சொன்னால் எனக்கும் கௌரவமாக இருக்கும். உண்மை அதுவல்ல.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் என்று ஒன்று கொடுப்பார்கள், அதைத் தொலைத்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாத்தியார் போகிறபோக்கில் சொன்னார். நான் அதைத் தொலைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் கையில் வராத காகிதத்தைத் தொலைத்த துக்கத்தில் காய்ச்சல் வந்து படுத்தேன். பிறகு போகவேயில்லை.

இன்று குற்றாலம் மெயினருவிக்குப் போகிற வழியில் கடை வைத்திருக்கிறேன். துண்டு, டவுசர், சோப்பு, ஷாம்பு பாக்கெட். ஈரத்தில் நடக்கிற வியாபாரம். கடையைப் பூட்டினேனா என்று பார்க்க ஒரு நாளைக்கு இரண்டு தடவை பாதி வழியில் திரும்புவேன். என் மனைவி முப்பிடாதிக்குச் சொந்த ஊர் சிவகிரி. கல்யாணமான புதிதில் திரும்பி வரும்வரை ரோட்டிலேயே நின்று காத்திருப்பாள். இப்போதெல்லாம் அவள் பாட்டுக்கு நடந்து வீடு போய்ச் சேர்ந்துவிடுவாள்.

எந்தப் படம்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு சீசனில், குளித்துவிட்டு வந்த பையன்கள் கடை வாசலில் நின்று தலை துவட்டினார்கள். ஒருவன் கையிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு பாட்டு. ஒரு ஆள் கதவைப் பூட்டிவிட்டு நடக்கிறான். பூட்டினோமா என்று திரும்பி வருகிறான். பூட்டியிருக்கிறது. மறுபடி நடக்கிறான், மறுபடி திரும்புகிறான். பாட்டு முழுக்க இவ்வளவுதான்.

என் கையிலிருந்த டவுசர்க் கட்டு கீழே விழுந்தது. யாரோ என் பின்னாலேயே வந்து பார்த்து எழுதியது போல இருந்தது.

"தம்பி, இது எந்தப் படம்?"

"படம்லாம் இல்லண்ணே. இண்டி. அவங்களே எழுதி அவங்களே பாடுறது."

"படம் இல்லாம எப்படிப்பா பாட்டு வரும்?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நாற்பது வயதுவரை பாட்டு என்றால் ஒரு கதாநாயகன் வாயசைப்பது என்றே நினைத்திருந்தவன் நான். யார் வாயும் அசையாமல், யாரும் ஆடாமல், ஒரு பாட்டு தனியாக நிற்கும் என்பது எனக்கு ஒரு ஆள் தண்ணீர் மேல் நடந்து வருவதைப் பார்த்தது போல.

பாடியவர்கள் 'ஒத்தைச் சன்னல்' என்ற குழு. சென்னையில் மூன்று பேர். ரோஸ்லின் என்ற பெண் பாடி, கிதார் வாசிப்பாள். ஒருவர் தாளம். இன்னொருவர் கணினியை வைத்துச் சத்தங்களைச் சேர்ப்பவர். அன்றிலிருந்து கடையில் அவர்கள் பாட்டுதான். துண்டு வாங்க வருகிறவர்கள், "அண்ணாச்சி, நல்ல பாட்டாப் போடக்கூடாதா?" என்பார்கள். முப்பிடாதி இன்னும் ஒரு படி மேலே போவாள். "பூட்டைப் பத்தி ஒரு பாட்டு, மழையில நனைஞ்ச சாக்கைப் பத்தி ஒரு பாட்டு. இதுக்கெல்லாம் பாடணுமாக்கும்? நம்ம வீட்டுக்கு வந்தா நூறு பாட்டு எடுக்கலாம்."

திருநெல்வேலியில் ஒருமுறை, மதுரையில் ஒருமுறை இந்த மாதிரிக் குழுக்களின் கச்சேரிக்குத் தனியாகப் போயிருக்கிறேன். சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். நடுவில் நான், திரும்பி வரும் பஸ் நேரத்தைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. ஸ்பீக்கரின் அடிச்சத்தம் விலா எலும்புக்குள் வந்து தட்டும்போது, அந்த ஒரு மணி நேரம் மட்டும், எனக்குக் கவலை கிடையாது. அதற்காகத்தான் போனேன்.

நாலு நிமிஷ அருவி

குழுவின் நம்பர் இணையத்தில் இருந்தது. எழுதினால் பிழை விழும் என்று எனக்குப் பயம். வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவேன். "நான் குற்றாலம் சுடலைமுத்து பேசுதேன்" என்று ஆரம்பித்து, எங்கள் ஊருக்கு ஒரு தடவை வாருங்கள் என்று முடிப்பேன். இரண்டு வருஷம் அனுப்பினேன். பதில் இல்லை. தொந்தரவாக நினைப்பார்களோ என்று, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டும் தனியாக அனுப்பினேன்.

போன சீசனில் ஒரு காலை, கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி அருவியின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். நாலு நிமிஷம். என் ஊரைக் காட்ட என்னிடம் வேறென்ன இருக்கிறது? அதில் தண்ணீர் விழும். பெண்கள் சிரிப்பார்கள். முப்பிடாதி, "ஏங்க, போன் நனையுது, போதும் வாங்க" என்பாள். கடைசியில் தண்ணீரின் சத்தம் திடீரென்று கனத்து, செம்மண் நிறத்தில், அருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தபோது மூன்று நீள விசில் கேட்கும். அதோடு முடியும். வெட்டி ஒட்டத் தெரியாததால் அப்படியே அனுப்பினேன்.

அந்த விசிலுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அருவிக்கரையில் பிழைக்கிறவர்களுக்கு அது மூச்சு மாதிரி. ஒரு விசில் என்றால் முண்டாதே, வரிசையில் நில். மூன்று நீள விசில் என்றால் வெள்ளம். துண்டு, சோப்பு, எண்ணெய் எதையும் பார்க்காதே, ஓடு. இரண்டு குட்டி விசில் என்றால் தண்ணீர் இறங்கிவிட்டது, போகலாம். மழைக்குக் குடை பிடிக்கவேண்டும் என்று யாராவது யாருக்காவது எழுதி அனுப்புவார்களா?

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ரோஸ்லினின் குரல்.

"அண்ணா, இத்தனை நாள் நீங்க அனுப்புனது எல்லாத்தையும் கேட்டிருக்கேன். பதில் சொல்ல வெட்கமா இருந்துச்சு. அடுத்த சீசனுக்கு நாங்க வர்றோம்."

நான் அதைப் பதினோரு தடவை கேட்டேன். முப்பிடாதி பன்னிரண்டாவது தடவை போனை வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

கவலைப் பட்டியல்

மண்டபம் பிடித்தேன். மாலை நாலு மணி என்று நேரம் வைத்தேன். சுரண்டை, சிவகிரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் பஸ் ஏற வேண்டுமே. ஜெனரேட்டருக்குச் சொன்னேன். அந்த ஜெனரேட்டர் நின்றால் என்ன என்று இன்னொன்றுக்கும் சொன்னேன். குரங்கு வந்து ஒயரைப் பிடுங்கினால்? ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை. தீப்பிடித்தால்? நாலு கதவையும் கச்சேரி முடியும்வரை பூட்டக்கூடாது என்று மேனேஜரிடம் சண்டை போட்டேன். நடுவில் இரண்டு வரிசை நாற்காலியை எடுத்துவிட்டு வழி விட்டேன்.

"பாட்டுக் கச்சேரியா, பிரசவமா?" என்றாள் முப்பிடாதி. "இத்தனை ஏற்பாட்டுல நம்ம கல்யாணம் நடக்கலியே."

ஆள் வராமல் போனால் என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை. என் பேச்சை நம்பி அவ்வளவு தூரம் வருகிறார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து அந்தப் பிள்ளை பாடினால் என் உயிர் போய்விடும். அதனால் அருவிக்கரை ஆட்கள் அத்தனை பேரையும் அழைத்தேன். எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள், சிப்ஸ் போடுகிறவர்கள், பழக்கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள். அந்த வாரம் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்து குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள். முன்வரிசைகளில் அவர்களையே உட்கார வைத்தேன். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பின்வரிசை.

முதல் வரிசை நடுவில் சங்கரபாண்டி அண்ணாச்சி. அருவியில் காவல் நிற்பவர். அந்த விசிலை ஊதுகிற வாய் அவருடையதுதான்.

"ஏலே சுடலை, பாட்டுன்னா ஆட்டம் உண்டுமா?" என்று கேட்டார்.

"ஆட்டம் கிடையாது அண்ணாச்சி. கேக்கணும்."

"கேக்கதுக்கு எதுக்குலே இம்புட்டு தூரம்? வீட்டுல நாள் முச்சூடும் அதான செய்யுதேன்."

என் விசில் எங்கன கேக்குது?

மூன்று பாட்டு நன்றாகப் போயிற்று. பூட்டுப் பாட்டுக்கு முன்வரிசை சிரித்தது, கை தட்டியது. நான் நாலாவது வரிசையில் முப்பிடாதி பக்கத்தில் உட்கார்ந்து, போனைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன். கண் கலங்கியிருந்தது. சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

ரோஸ்லின் மைக்கைப் பிடித்தாள். "அடுத்தது புதுப் பாட்டு. இதுவரைக்கும் எங்கயும் பாடல. இந்த ஊர்லயிருந்து ஒரு அண்ணன் எங்களுக்கு ஒண்ணு அனுப்புனாரு. அதுலயிருந்து வந்த பாட்டு. வேற எதுவும் சொல்ல மாட்டேன்."

அண்ணன் நான்தான் என்று மண்டைக்கு எட்டுவதற்குள் விளக்குகள் அணைந்தன. நான் போட்ட திரைகளால் மண்டபம் கும்மிருட்டு.

முதலில் ஒரு இரைச்சல். அவர்கள் அதை மெதுவாக்கி, கனமாக்கியிருந்தார்கள். ஸ்பீக்கரின் அடிச்சத்தம் தரையில் இறங்கிக் கால் வழியாக ஏறியது. மண்டபத்துக்குப் பின்னால் சிற்றாறு ஓடுகிறது. அந்த வாரம் அது கரை தொட்டு ஓடியது. இரைச்சல் ஏறியது. இன்னும் ஏறியது.

பிறகு விசில். ஒன்று. நீளமாக. இரண்டு.

மூன்றாவது முடிவதற்குள் முதல் வரிசை எழுந்துவிட்டது. இருட்டில் சங்கரபாண்டி அண்ணாச்சியின் குரல் கேட்டது. இன்றும் என் காதில் நிற்கிறது.

"ஏலே, நான் இங்கன இருக்கேன், என் விசில் எங்கனலே கேக்குது?"

அவரே எழுந்துவிட்டார் என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அருவிக்கரை ஆட்கள் கதவுகளுக்குப் பாய்ந்தார்கள். எதற்கென்றே தெரியாமல் கல்லூரிப் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். யாரும் கத்தவில்லை. விசில் கேட்டால் கத்தக்கூடாது, ஓடவேண்டும் என்பது எங்கள் பழக்கம். காலடிச் சத்தம் மட்டும்.

நானும் ஓடினேன். நான் பதிவு செய்த தண்ணீர், நான் அனுப்பிய விசில். ஆனாலும் ஓடினேன். மூளைக்குத் தெரிவதற்கு முன் காலுக்குத் தெரிந்துவிட்டது.

ரோட்டுக்கு வந்து, மலையைப் பார்த்து, தண்ணீர் இல்லை என்று கண்டு, உள்ளே பாட்டு நடப்பதைக் கேட்டு, அதன் பிறகுதான் என் கையைப் பார்த்தேன். கையில் போன் இருந்தது. முப்பிடாதி இல்லை.

நாற்பத்தைந்து வயதுவரை ஊரில் உள்ள அத்தனை பேருக்காகவும் கவலைப்பட்டவன் நான். அவளுக்கு லேசாக இருமல் வந்தாலும் எனக்குத் தூக்கம் போய்விடும். வெள்ளம் என்று நினைத்த நேரத்தில் அவள் கையை விட்டுவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ ஒன்று சில்லென்று இறங்கியது. வெள்ளம் வந்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது.

நாலாவது வரிசை

கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். மேடையில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. தாளக்காரர் கையைத் தொங்கவிட்டு உறைந்து நின்றார். ரோஸ்லின் பாடிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கியது. கன்னம் நனைந்திருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

மண்டபம் முழுக்கச் சாய்ந்தும் சாயாமலும் காலி நாற்காலிகள். நாலாவது வரிசையில் முப்பிடாதி மட்டும், என் செருப்பைத் தன் காலடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் கோத்து, மேடையையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் அவளைப் பார்த்துப் பாடினாள். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

நான் அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது கடைசி வரி. பிறகு கிதார் நின்றது.

முப்பிடாதி கை தட்டினாள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு ஜோடிக் கை தட்டும் சத்தம்.

"நீ ஏம்ட்டி ஓடல?" என்று கேட்டேன்.

"விசிலுக்கு முந்தி என் குரலு கேட்டுச்சுலா. 'போன் நனையுது, வாங்க'ன்னு. அருவிக்கரையில போன வருசம் நான் சொன்னது மண்டபத்துக்குள்ள கேட்டா, அது வெள்ளமா, உங்க போனான்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். செருப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காருங்கன்னு சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். கேட்டாத்தானே" என்றாள்.

"பயமா இல்லியா?"

"பயம் அந்தப் பிள்ளைக்குத்தான். கண்ணைத் தொறந்து பாக்கா, ஒரு ஆள் இல்ல. நானும் எந்திரிச்சிருந்தா அங்கனயே விழுந்திருக்கும்."

மேடைக்குப் போய் ரோஸ்லினிடம் விசிலின் அர்த்தத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. "திருவிழா விசில்னு நினைச்சோம்ணா. சந்தோஷமான சத்தம்னு நினைச்சோம்." எங்கள் பாட்டு அவ்வளவு மோசமா, ஊரே எழுந்து போய்விட்டதே என்று நினைத்தாளாம். ஜெனரேட்டருக்கும் குரங்குக்கும் கவலைப்பட்டவன், சொல்லவேண்டிய ஒரே விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

வெளியே ஆட்கள் உள்ளே வரத் தயங்கினார்கள். போன் பதிவுதான் என்று சொன்னாலும் கால் நகரவில்லை. சங்கரபாண்டி அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். பையிலிருந்து விசிலை எடுத்து, மண்டப வாசலில் நின்று இரண்டு குட்டி விசில் கொடுத்தார்.

அவ்வளவுதான். எல்லோரும் வரிசையாக உள்ளே போய், நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள்.

ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. கதவைத் திறந்து வைக்கச் சொன்னதும் நடுவில் வழி விட்டதும் நல்லதாயிற்று என்று அன்று ராத்திரி நான் சொல்லிப் பார்த்தேன். "ஆமா, ஊரே ஓடுததுக்குப் பாதை போட்டு வச்சிட்டிய. முதல் ஆளா ஓடினதும் நீங்கதான்" என்றாள் முப்பிடாதி.

யாருடைய பாட்டு

கச்சேரி தொடர்ந்தது. அந்தப் பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். ரோஸ்லின் மாட்டேன் என்றாள்.

"அது அந்த அக்காவுக்குப் பாடி முடிச்சாச்சு. ஒரு ஊரையே ஓட வைக்கிற சத்தத்தை இனிமே எங்கயும் வைக்க மாட்டேன். அந்தச் சத்தம் இல்லாம அந்தப் பாட்டு இல்ல."

அவர்கள் அன்று எதையும் பதிவு செய்யவில்லை. அந்தப் பாட்டென்று என் போனில் இருப்பது இருபது விநாடி இரைச்சல், மூன்று விசில், பிறகு என் காலடி, என் மூச்சு. மூன்று வருஷமாகக் கெஞ்சி வரவழைத்தவனிடம் இருப்பது அவனுடைய மூச்சு. இண்டி பாட்டைப் பார்த்துச் சிரித்தவளிடம் பாட்டு முழுசாக இருக்கிறது.

எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு" என்பாள். ஒரு வரி பாடு என்றால், "கேட்டா வராது" என்பாள். பிடிவாதம் இல்லை. உண்மையிலேயே வராது. துண்டுகளை மடித்துக்கொண்டே யோசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள்.

ஆடி முடிவதற்குள் ஒரு மத்தியானம். தடை நீங்கி அருவியில் நல்ல கூட்டம். முப்பிடாதி எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். சட்டென்று மலையில் இருட்டு. தண்ணீரின் இரைச்சல் கனத்தது. ஒரு விசில். நீளமாக. இரண்டு. மூன்று.

கூட்டம் ஓடி வந்தது. என் கால் எழுந்தது. ஆனால் இந்த முறை கை முந்திக்கொண்டது. சோற்று வாளியை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். எலும்பு கையில் நெருடும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும். அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

பிறகு, ஓடுகிற கூட்டத்துக்கு நடுவில், எங்கள் இருவருக்கும் பின்னால் வெள்ளம் இரைந்துகொண்டிருக்க, அவள் மெதுவாக முனக ஆரம்பித்தாள். மூன்றாவது விசில் முடிந்த இடத்திலிருந்து. அங்கேதான் அந்தப் பாட்டு தொடங்குமாம். கேட்டால் வராதது, அந்தச் சத்தம் வந்ததும் தானாக வந்துவிட்டது.

மேட்டு ரோடு வந்து சேரும்வரை நாலு வரி. அங்கே இரைச்சல் குறைந்தது. அவளுக்கும் பாட்டு நின்றுவிட்டது.

அவள் கையை நான் விடவில்லை.